அளக்க ஏலாதென்றால் பிளொக்கை ஏன் வாங்கி வைக்கிறீர்கள்?

எஞ்சின் பிளொக்கைப் போர் பண்ண, அதாவது தேய்ந்த சிலிண்டர்களைக் கொஞ்சம் பெரிதாக வெட்டி நேராக்க, கொண்டுவருகிறவன் லேத்காரரிடம் எதிர்பார்ப்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. கூடவே தருகிற பிஸ்டனை மைக்ரோமீற்றரில் பிடித்து அளவெடுங்கள். அதற்கு வேண்டிய இடைவெளியைக் கூட்டுங்கள். வருகிற அளவுக்குச் சிலிண்டரை வெட்டி, கடைசிக் கொஞ்சத்தை ஹோன் கல்லால் தேய்த்து முடித்துத் தாருங்கள். இதற்குத்தான் காசு. இதைச் செய்யாமல் "இருபது ஓவர்சைஸ்தானே (பழைய அளவைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, கிட்டத்தட்ட அரை மில்லிமீற்றர், பெரிசு), தெரியும் தெரியும்" என்று கண்மதிப்பில் மெஷினை ஓட்டுகிறவர்களை என்ன சொல்வது? வயிறு எரிகிறது எனக்கு.

எங்கள் வீட்டில் நிற்பது எண்பதுகளில் வந்த டொயோட்டா கொரோலா. 4கே எஞ்சின், 1290 சிசி, வார்ப்பிரும்பு பிளொக், அலுமினியம் ஹெட். கம்பியூட்டரும் இல்லை, சென்சரும் இல்லை. ஒரு ஸ்பனர் செட்டும் டோர்க் ரெஞ்சும் பொறுமையும் இருந்தால் வீட்டு முற்றத்திலேயே பிரித்துப் பூட்டக்கூடிய எஞ்சின். கொஞ்ச நாளாக நீலப் புகை தள்ளியது, ஒயிலைக் குடித்தது. கேஜ் வைத்துக் கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறுகிற அழுத்தம், பார்த்தபோது முள் ஏறவில்லை. பிளக் ஓட்டைக்குள் கொஞ்சம் ஒயில் விட்டுத் திரும்பப் பார்த்தேன், ஏறியது. வால்வில் பிழை என்றால் ஒயில் விட்டும் ஏறாது. பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங்கும் போரும், அதாவது சிலிண்டர்ச் சுவரும், தேய்ந்திருந்தால்தான் இப்படி. ஹெட்டைக் கழற்றினால், சிலிண்டரின் வாய்க்குச் சற்றுக் கீழே நகத்துக்குத் தட்டுப்படுகிற படி. ரிங் ஏறித் திரும்புகிற இடம் வரைக்கும் சுவர் தேய்ந்து, அதற்கு மேலே பழைய அளவிலேயே நிற்கிறது. போர் பண்ணியே ஆக வேண்டும்.

இதைச் சொன்னதும் ஊரில் எல்லாரிடமும் ஒரே மருந்து. "இதைத் தூக்கிப் போட்டுட்டு ஜப்பான் எஞ்சின் ஒன்றை வாங்கிப் போடு மச்சான்." அந்த ஜப்பான் எஞ்சின் எந்தக் காரிலிருந்து வந்தது, எவ்வளவு ஓடியது, எத்தனை வருசம் மழையில் கிடந்தது என்று விற்கிறவருக்கே தெரியாது. திறந்து காட்டவும் மாட்டார். எஞ்சின் இலக்கம் வாகனத்தின் பதிவில் இருக்கிறது, மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வரைக்கும் அலைய வேண்டும். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அந்த ஐந்து வருசமும் இந்தப் பழைய கார்கள்தானே எங்களைச் சுமந்தன? இருக்கிற எஞ்சினைச் சரியாகச் செய்துகொள்வதில் என்ன குறை?

சரி, பிரித்தேன். கச்சான் காற்று வீசுகிற காலம். எந்த இடுக்காலும் புழுதி வந்துவிடும். உள்ளறையின் யன்னலைச் சாத்தி, புழுக்கத்தில் வேர்த்து வழிய, ஒவ்வொரு புஷ்ரொட்டையும் எந்த இடத்தில் இருந்ததோ அந்த ஒழுங்கிலேயே அட்டையில் குத்தி வைத்தேன். பேரிங் மூடிகளுக்கு இலக்கம் போட்டேன். பழைய சாரங்களை வெட்டித் துவைத்துக் காயவைத்துத்தான் துடைத்தேன். பிஸ்டனும் ரிங்கும் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்தன. அவை கைக்கு வரும்வரை பிளொக்கை லேத்துக்குக் கொடுக்கவில்லை. ஏனென்றால் பெட்டியில் 0.50 (அந்த இருபது ஓவர்சைஸ்தான், மில்லிமீற்றரில்) என்று அச்சடித்திருந்தாலும் கம்பனிக்குக் கம்பனி பிஸ்டனின் உண்மையான அளவு கொஞ்சம் வித்தியாசப்படும். போர் பிஸ்டனுக்குத்தான் வெட்டவேண்டும், பெட்டியிலிருக்கிற எழுத்துக்கு அல்ல. பிளொக்கோடு நான்கு பிஸ்டனையும் கொடுத்து, "அண்ணே, இதை அளந்து பார்த்துத்தான் வெட்டவேணும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன். தலையாட்டினார்.

பிளொக் திரும்பி வந்தபோது பிஸ்டன் பெட்டியைப் பார்த்தேன். நான் ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருக்கிறது. உள்ளே பிஸ்டனைச் சுற்றியிருந்த ஒயில் கடதாசிகூடப் பிரிக்கப்படவில்லை. அதாவது அந்தப் பிஸ்டன்களை யாருமே கண்ணால் பார்க்கவில்லை. பிறகு எந்த அளவுக்கு ஐயா வெட்டினீர்கள்?

ஒரே ஒரு ரிங்கை எடுத்து முதலாவது சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து நேராகத் தள்ளி, ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவே பீலர் கேஜ் என்கிற அளவுத் தகட்டை வைத்தேன். 0.30 மில்லிமீற்றர். போரின் விட்டத்தில் அங்குலத்துக்கு நான்கு தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்பது பழைய பொதுக் கணக்கு. 75.5 மில்லிமீற்றர் போருக்கு அது கிட்டத்தட்ட 0.30தான், ஆகவே முதலாவது சரி. அதே ரிங்கை இரண்டாவதில் விட்டேன், பரவாயில்லை. மூன்றாவதில் விட்டேன். 0.80 தகடு இடிக்காமல் உள்ளே போனது. கை நடுங்கிப்போனது எனக்கு. ரிங் அதே ரிங்தான், ஆகவே ரிங்கில் பிழையில்லை. இடைவெளி அரை மில்லிமீற்றர் கூடியிருந்தால், அதை 3.14ஆல் பிரித்துப் பாருங்கள், சிலிண்டரின் விட்டம் 0.16 மில்லிமீற்றர் கூட. பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே மொத்தமாகவே 0.05ஐத் தாண்டக்கூடாத இடத்தில் கிட்டத்தட்ட 0.20! இப்படியே பூட்டினால் குளிர் எஞ்சினில் பிஸ்டன் கடகடவென்று சுவரில் அடிக்கும், முந்திய அதே புகை திரும்ப வரும்.

கொண்டுபோய்க் காட்டினேன். பீலர் கேஜைக் கையில் வாங்கவே மாட்டேன் என்கிறார். "ஓட உடுங்க தம்பி, மறுகா ரிங் இருந்துடும்." இந்தப் பதிலில்தான் எனக்குப் பொறுமை போனது. புது ரிங் ஓட ஓடச் சுவரோடு ஒத்துப்போகும் என்பது உண்மை. ஆனால் ரிங் தேயத் தேய முனை இடைவெளி கூடுமே தவிரக் குறையாது. அகலமாக வெட்டின சிலிண்டர் ஓடுவதால் சுருங்குமா? இரும்பை வெட்டி எடுக்கலாம், திரும்ப வைக்க முடியாது. சிலிண்டருக்குள் புதுக் குழாய் இறக்கி ஸ்லீவ் அடிக்கலாம், அது வேறு செலவு, வேறு அலைச்சல். இல்லையென்றால் அடுத்த ஓவர்சைஸ், 0.75. அதற்கு நான்கு பிஸ்டனும் ரிங் செட்டும் புதிதாக வாங்கி, சரியாக இருக்கிற மற்றச் சிலிண்டர்களையும் திரும்ப வெட்ட வேண்டும். இந்த பிளொக் தாங்கக்கூடிய வெட்டுகளில் ஒன்று சும்மா போய்விட்டது. என் பிள்ளை காலத்திலும் ஓடியிருக்க வேண்டிய பிளொக் இது.

பனையால் விழுந்தவனை மாடு மிதித்த மாதிரி, கழுவாமலே வேறு தந்திருக்கிறார்கள். ஹோன் கல்லின் தூள் ஒயில் போகிற துவாரங்களுக்குள் அப்படியே அடைந்து கிடக்கிறது. மண்ணெண்ணெயை ஊற்றினால் அந்தத் தூள் போகாது. சுடுதண்ணியும் சவர்க்காரமும் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி சாம்பல் நிறமாகாமல் வரும்வரை கழுவவேண்டும். கழுவின கையோடு ஒயில் பூசவேண்டும். எங்களூர்க் கடற்காற்றில் வெறும் இரும்பு துருப்பிடிக்க அதிக நேரம் வேண்டாம். இதை நான் வீட்டில் செய்துகொள்வேன். ஆனால் கழுவாமலே பூட்டுகிற கராஜ்கள் எத்தனை! அந்தத் தூள் புது பேரிங்கை அரைத்துத் தின்றுவிடும்.

எனக்கு வருகிற கோபம் என் காருக்காக மட்டுமில்லை. நான் வீட்டில் பூட்டுவதால் அளந்தேன், பிடித்தேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து உழவு மெஷினின் எஞ்சினை இறக்கிக் கொண்டுவருகிற விவசாயி பீலர் கேஜ் வைத்தா பார்க்கப்போகிறார்? வாழைச்சேனையில் படகு எஞ்சினை நம்பிக் கடலுக்குப் போகிறவர்? ஓட்டோ ஓட்டிப் பிள்ளைகளைப் படிப்பிக்கிறவர்? அவர்கள் கடன்பட்டு வேலை செய்வித்து, பெரும்போகம் முடிவதற்குள்ளேயே புகைக்கத் தொடங்கினால், வாங்குகிற பதில் என்ன தெரியுமா? "நீங்க போட்ட ஒயில் சரியில்ல." "நீங்க இழுத்து ஓட்டியிருக்கீங்க." வெட்டினவருடைய பிழை கடைசியில் ஓட்டினவருடைய தலையில்.

நல்ல வேலைகாரர்கள் இந்த மாவட்டத்தில் இல்லாமலில்லை. முந்தி எங்கள் அப்பாவின் வேனுக்குப் போர் பண்ணிய ஐயா ஒருவர், ஒவ்வொரு சிலிண்டருக்கும் பக்கத்தில் முடிந்த அளவைச் சோக்கால் எழுதி, அதற்குரிய பிஸ்டனின் தலையிலும் அதே இலக்கத்தைப் போட்டுத்தான் தருவார். அவரிடம் இருந்ததும் பழைய மெஷின்தான். ஆகவே "எங்ககிட்ட நவீன மெஷின் இல்ல" என்ற கதையை என்னிடம் சொல்ல வேண்டாம். டயல் கேஜ் ஒன்றைச் சிலிண்டருக்குள் விட்டு மேலே, நடுவே, கீழே என்று பார்க்க எத்தனை நிமிசம் போகும்?

பில்லில் நான்கு சிலிண்டரின் அளவையும் எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். "அப்படி ஒருத்தருக்கும் எழுதிக் குடுக்கிறல்ல" என்றார். ஏன் கொடுப்பதில்லை? அளந்தவர் எழுதுவதற்கு என்ன பயம்? போர் பண்ணின கூலியை முழுதாக எண்ணி வாங்கிக்கொண்டார். ஒரு தரம்கூட ஓடாத நான்கு புதுப் பிஸ்டன் இப்போது எனக்கு உதவாது, பெட்டி திறந்ததென்று கடைக்காரரும் திருப்பி எடுக்கமாட்டார். அந்தக் காசை யார் தருவது?