டிடிஎஸ் மீட்டர் கதிர்வீச்சைக் காட்டாது

"புகுஷிமா உலையில தண்ணி மட்டம் இறங்கிருச்சு, கசிவு நம்ம கடல் வரைக்கும் வந்தாச்சு, டிடிஎஸ் மீட்டர் 1000-க்கு மேல காட்டினா கதிர்வீச்சு." காரைக்குடி, தேவகோட்டை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தத் தகவல் தவறு.

மட்டம் இறங்கியது மட்டும் உண்மை. ஜப்பானின் புகுஷிமா அணுமின் நிலையத்தில் 2021 பிப்ரவரி 13 நிலநடுக்கத்துக்குப் பின் 1, 3-ஆம் உலைகளின் கவசக்கலனில் (உலையைச் சூழ்ந்த பாதுகாப்புக் கலன்) நீர் குறைந்தது. அவை 2011-லேயே சேதமானவை. ஊற்றும் குளிர்விப்பு நீர் கசிந்து கட்டட அடித்தளத்தில் தேங்கும். அந்த நீர்மட்டத்தைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரைவிடத் தாழ்வாகவே வைக்கிறார்கள். அதனால் வெளிநீர் உள்ளே வரும், உள்நீர் வெளியே போகாது. அடித்தள மட்டம் நிலத்தடி நீரைத் தாண்டி ஏறினால்தான் பயம்.

டிடிஎஸ் மீட்டர் இரு முனைகளுக்கு இடையே மின்சாரம் பாய்வதை வைத்து உப்பைக் கணக்கிடும், அவ்வளவுதான். போர் தண்ணீரில் 1000 காட்டினால் அது கரைந்த உப்புதான். புகுஷிமாவில் சுத்திகரித்துக் கடலில் விடும் நீரில் முக்கியமாக மிஞ்சுவது டிரிட்டியம், அதாவது கதிரியக்கமுள்ள ஹைட்ரஜன். அதன் பீட்டா கதிர் தோலைக்கூடத் துளைக்காது. கதிர்வீச்சை அளக்கும் சாதாரண கெய்கர் கருவிக்கே சிக்காது. மாதிரி நீரை, கதிர் பட்டால் ஒளிரும் ஒளிர்மக் கரைசலில் கலந்து ஆய்வகத்தில்தான் எண்ண வேண்டும். டிரிட்டியத்துக்கான வெளியேற்ற வரம்பு லிட்டருக்கு 1,500 பெக்கரல் (கதிரியக்க அளவின் அலகு). உலக சுகாதார அமைப்பின் குடிநீர் வழிகாட்டு அளவே 10,000.