குவோரோஸ் வீழ்ந்தது விபத்துச் சோதனையில் தோற்றதால் அல்ல

"மோதியதும் நொறுங்கிய சீனக் கார், அதனால்தான் குவோரோஸ் மூடப்பட்டது" என்று சீனக் கார் நிறுவனமான குவோரோஸைப் பற்றிப் பகிரப்படும் செய்தி தவறு. நொறுங்கிப்போன சீனக் கார் என்று பெயர் வாங்கியது வேறொரு நிறுவனத்தின் பிரில்லியன்ஸ் பிஎஸ்6. ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி 2007இல் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் அதை மோதவிட்டபோது ஐந்தில் கிடைத்தது ஒரே ஒரு நட்சத்திரம்.

சீனக் கார் நிறுவனமான செரியும் இஸ்ரேலின் முதலீட்டு நிறுவனமான இஸ்ரேல் கார்ப்பரேஷனும் சேர்ந்து தொடங்கிய குவோரோஸின் கதை நேர் எதிர். அதன் 'குவோரோஸ் 3' செடான் 2013இல் ஐரோப்பாவின் கார் பாதுகாப்பு அமைப்பான யூரோ என்கேப் நடத்திய விபத்துச் சோதனையில் 5 நட்சத்திரம் பெற்றது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் 95 சதவீதம். நல்ல பொறியியல் அது, சந்தேகமே வேண்டாம்.

அடி விழுந்தது விற்பனையில். பெயர் தெரியாத பிராண்டுக்கு ஃபோக்ஸ்வேகன் கார்களை ஒட்டிய விலை வைத்தார்கள். சீன வாடிக்கையாளர்கள் எஸ்யூவி பக்கம் சாய்ந்துகொண்டிருந்த நேரத்தில் செடானோடு களமிறங்கினார்கள். ஷோரூம்களும் குறைவு. ஆண்டுக்கு 1,50,000 கார்கள் தயாரிக்கக்கூடிய ஆலை சீனாவின் சாங்ஷுவில் இருந்தும் 2014இல் விற்றவை ஏறத்தாழ 7,000தான். ஆலை பாதிகூட ஓடாவிட்டால் ஒவ்வொரு காரின் மேலும் நிலையான செலவு ஏறிக்கொண்டே போகும்.

2017 கடைசியில் சீனாவின் பாவ்னெங் குழுமம் குவோரோஸின் 51 சதவீதப் பங்கை வாங்கியது. 2018இல் விற்பனை 60,000ஐத் தாண்டியதைக் காட்டி 'மீண்டுவிட்டது' என்பதும் சரியல்ல. அவற்றில் பெரும்பகுதி பாவ்னெங் கொண்டுவந்த வாடகைக் கார் நிறுவனத்துக்குப் போனவை.