யாரும் வரலையாம்! வர விட்டீங்களா?

அரசு செலவில் சென்னையில் ஒரு நாட்டுப்புறக் கலைவிழா நடந்தால் போதும், மறுநாள் காலை எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் காலி நாற்காலிப் படம் ஒன்று வந்து விழும். கீழே ஒரு வரி: "பார்க்க ஆளே வரல, நம்ம வரிப்பணம் போற போக்கைப் பாருங்க." உடனே கைதட்டும் பொம்மைகள் வரிசை கட்டும். படத்தைப் போட்டவர் விழாவுக்குப் போயிருக்க மாட்டார். யாரோ அனுப்பியதை இங்கே தள்ளிவிட்டிருப்பார்.

சார், அந்தப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெள்ளைத் துணி போர்த்திய சோபா. முன்னால் டீப்பாய். டீப்பாயில் தண்ணீர் பாட்டிலும் ஒரு தட்டில் முந்திரியும். பொதுமக்கள் உட்காரும் இடத்துக்கு எந்த ஊரில் டீப்பாய் போடுகிறார்கள்? காலியாகக் கிடப்பது முக்கியஸ்தர் வரிசை. மக்கள் எங்கே என்றால், படத்துக்கு வெளியே, சவுக்குக் கம்புத் தடுப்புக்குப் பின்னால், கால் கடுக்க நின்றுகொண்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியும், ஏனென்றால் அங்கே நின்றவர்களில் நானும் ஒருவன்.

எந்த விழா, யார் நடத்தியது என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. எல்லா இடத்திலும் இதே கதைதான். ஆறு மணி நிகழ்ச்சி என்று போட்டிருந்தார்கள், போய்விட்டோம். மேடைக்கு அருகே பறை செட் தோளில் கருவியோடு தயாராக நிற்கிறது. ஆனால் தொடங்க முடியாது, வரவேண்டியவர் வரவில்லை. ஏழரைக்கு கார்கள் வந்தன. அப்புறம் வரவேற்புரை, வாழ்த்துரை, தலைமையுரை. பேசிய ஒவ்வொருவரும் மேடையில் இருந்த அத்தனை பேரையும் "அவர்களே, அவர்களே" என்று பெயர் பெயராக விளித்து முடிக்கவே பாதிப் பொழுது போனது. பிறகு பொன்னாடை, நினைவுப் பரிசு, படம் எடுத்தல். பறை அடித்து இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, முன்வரிசை எழுந்தது. அவர்கள் பின்னாலேயே கட்சிக்காரர்கள், பாதுகாப்பு போலீஸ், கேமராக்காரர்கள் எல்லோரும் எழுந்தார்கள். மொத்தப் பந்தலும் காலி. அந்த நேரத்தில் எடுத்ததுதான் உங்கள் வாட்ஸ்அப் படம்.

என் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி தடுப்பைக் காத்த பையனிடம் கேட்டார்: "ஏன்யா, அதெல்லாம் சும்மாதானே கெடக்கு? நான் போய் உக்காரட்டா?" அவன் பாவம், கழுத்தில் அட்டை மாட்டிய கல்லூரிப் பையன். "இல்ல பாட்டி, சார் யாராவது வந்துட்டா என்னைத் திட்டுவாங்க" என்றான். யாரும் வரவில்லை. விழா முடியும்வரை அந்தச் சோபாக்கள் காலி, அந்தப் பாட்டி தரையில். கல்யாணத்துக்கு மொய் வைத்தவனை வாசலிலேயே நிறுத்திவிட்டு, பந்தியில் காலி இலையைக் காட்டி "பாருங்க, சாப்பிட ஆளே வரல" என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மேடையில் நடப்பது அதைவிடக் கொடுமை. தெருக்கூத்து என்பது விடிய விடிய நடப்பது. அரிதாரம் பூசி, கட்டை கட்டி, வேஷம் முடிக்கவே மணிக்கணக்கில் ஆகும். கட்டியங்காரன் வந்து சிரிக்க வைத்து, திரைக்குப் பின்னால் வேஷக்காரர் பாடி, அப்புறம்தான் துரியோதனன் முகத்தைப் பார்ப்போம். இவர்கள் கொடுப்பது பதினைந்து நிமிடம், சில நாள் பத்து. அன்று திரை விலகி ராஜா ஒரு சுற்றுச் சுற்றியதுமே தொகுப்பாளர் மைக்கைப் பிடித்து "பலமான கைதட்டல் கொடுங்க!" என்று அனுப்பிவிட்டார். அடுத்து கரகம், அடுத்து பொய்க்கால் குதிரை, அடுத்து மல்லர் கம்பம். கலை நிகழ்ச்சியா, குடியரசு நாள் அணிவகுப்பா? திருநெல்வேலிப் பக்கத்துக் கணியான் கூத்தை, மகுடம் என்ற தோற்கருவி அடிப்பவர்களோடு அவ்வளவு தூரம் வரவழைத்து, சுடலைமாடன் கதையில் நாலு வரி பாட வைத்து அனுப்புவதற்கு எதற்கு இத்தனை செலவு?

"இலவசமாகக் காட்டினாலும் சென்னைக்காரன் வரமாட்டான்" என்ற பேச்சுக்கு வருகிறேன். இதைச் சொல்பவர்கள் காணும் பொங்கலன்று மெரினா பக்கம் போனதே இல்லை என்று நினைக்கிறேன். குடும்பம் குடும்பமாக, புளிசாதத் தூக்கோடு, லட்சக்கணக்கில் வருகிறார்கள். யார் அழைப்பிதழ் கொடுத்தார்கள்? சென்னைப் புத்தகக் காட்சி 1977-ல் தொடங்கியது. பல வருடம் பத்து ரூபாய் டிக்கெட் வாங்கிக்கொண்டு, மழை பெய்தால் சேறு, பெய்யாவிட்டால் புழுதி என்ற மைதானங்களுக்கு இதே ஜனம்தான் போனது. 2024 அக்டோபர் 6-ஆம் தேதி மெரினாவில் விமானப்படை சாகசம் காட்டினார்கள். காலை பதினோரு மணி வெயிலில், நிழல் இல்லாத மணலில், கடற்கரை முழுக்க மனிதத் தலை. ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படி ஓடிய ரயில்களில் ஏற முடியாமல் ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கூட்டம் அடைத்துக்கொண்டது. தண்ணீருக்குத் தவித்தார்கள். ஐந்து பேர் செத்துப்போனார்கள். அன்றைக்கும் கூட்டத்தின் எண்ணிக்கையைச் சாதனை என்று பெருமை பேசியவர்கள் உண்டு. வந்தால் அவர்களுக்குக் குடிக்க என்ன, ஒதுங்க எங்கே, வீட்டுக்குப் போக வண்டி எது என்று கணக்குப் போடத்தான் ஆள் இல்லை. ஆகவே ஜனம் வராது என்ற கதையை என்னிடம் சொல்லாதீர்கள்.

தேதியைப் பாருங்கள். பொங்கலையொட்டி அரசு நடத்தும் நாட்டுப்புறக் கலைவிழாதான் சென்னை சங்கமம். 2025-ல் அது ஜனவரி 13-ஆம் தேதி தொடக்கம், 14 முதல் 17 வரை நகரத்தில் 18 இடங்களில் நிகழ்ச்சிகள். நல்லது. அதே அரசின் போக்குவரத்துத் துறை அதே ஜனவரி 10 முதல் 13 வரை சென்னையிலிருந்து வெளியூர்களுக்கு விடுவதாக அறிவித்த பேருந்துகள் 14,104. அதாவது ஒரு துறை கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் நின்று ஊரைக் காலி செய்கிறது, இன்னொரு துறை கிராமத்திலிருந்து செட் செட்டாக ஆட்டக்காரர்களைக் கூட்டிவந்து காலியான ஊரில் ஆட வைக்கிறது. எதிரெதிரே வந்த வண்டிகளில் இரண்டு தரப்பும் விழுப்புரம் பக்கம் எங்காவது கையசைத்துக்கொண்டிருக்கலாம். சென்னையே சொந்த ஊராக இருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காக நடத்தட்டும், மறுக்கவில்லை. வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் இருப்பவன் எந்த ஊருக்குப் போவான்? ஆனால் ஆட வந்தவருக்கும் வீட்டில் பொங்கல் உண்டே! பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு வந்தவரைப் பதினைந்து நிமிடம் ஆடவிட்டு, மிச்ச நேரம் மண்டபத்தில் உட்கார வைப்பது என்ன நியாயம்? ஒரு வாரம் தள்ளி, சனி ஞாயிறில் நடத்தினால் என்ன குடிமுழுகிப்போகும்?

சரி, தேதிதான் அப்படி. தகவலாவது வருகிறதா? எந்தப் பூங்காவில் எந்த ஆட்டம் எத்தனை மணிக்கு என்று ஒரு தாள், ஒரே ஒரு தாள், பத்து நாள் முன்னால் கையில் கிடைத்திருக்கிறதா? மார்கழிக் கச்சேரிப் பட்டியலை டிசம்பர் பிறக்கும் முன்பே வைத்துக்கொண்டு, எந்தச் சபா கேன்டீனில் எந்த நாள் சாப்பிடுவது என்பதுவரை திட்டம் போட முடிகிறது. நாட்டுப்புறக் கலைக்கு மட்டும் "இன்று மாலை நடக்கிறது" என்று அன்று காலைப் பேப்பரில் பார்க்க வேண்டும். சாலை முழுக்க பேனர்தான். அதில் தலைவர்கள் படம் ஆள் உயரத்துக்கு, நிகழ்ச்சி விவரம் பூதக்கண்ணாடி வைத்தாலும் படிக்க முடியாத எழுத்தில்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சபாக்களில் மதியக் கச்சேரிகளுக்குப் போய்ப் பாருங்கள், வித்வானைவிட ரசிகர்கள் ஓரிருவர் அதிகம் இருந்தால் ஆச்சரியம். அதைப் படம் எடுத்து "கலை செத்துவிட்டது" என்று யாரும் போடுவதில்லை. அது தனியார் பணம் என்பீர்கள். சரிதான். ஆனால் காலி நாற்காலியைக் காட்டி ஒரு கலையையே வேண்டாம் என்று சொல்லும் தைரியம் பறைக்கும் கரகத்துக்கும் எதிரேதானே வருகிறது? பெசன்ட் நகரில் ஊரூர் ஆல்காட் குப்பத்து விழாவை 2015-ல் தன்னார்வலர்கள் தொடங்கினார்கள். மீனவர் குப்பத்திலேயே கர்நாடக சங்கீதமும் நடந்தது, பறையும் நடந்தது. ஆள் வந்தார்களா இல்லையா?

வரிப்பணம் என்று கொதிப்பவர்களோடு ஒரு விஷயத்தில் எனக்கு முழுச் சம்மதம். கணக்கு வேண்டும். ஆனால் இவர்கள் கேட்கும் கணக்கு வேறு, நான் கேட்பது வேறு. மொத்தம் எத்தனை கோடி என்பது எனக்கு இரண்டாம்பட்சம். அதில் பந்தல் காண்ட்ராக்டருக்கு எவ்வளவு, எல்இடி திரைக்கு எவ்வளவு, பேனருக்கு எவ்வளவு, சோபா வாடகை எவ்வளவு, கடைசியாக ஆடியவர் கைக்கு எவ்வளவு? ஆடியவருக்கு வழியில் இருக்கும் ஆள் பிடித்தம் செய்யாமல் வந்து சேர்ந்ததா, எத்தனை நாளில் சேர்ந்தது? டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் தமிழ்நாட்டில் 1998-லேயே வந்துவிட்டது. தகவல் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டால்தான் சொல்வோம் என்று ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும்? விழா முடிந்த மறுமாதம் துறையின் வலைதளத்தில் ஒரு பக்கம் போடுங்கள். எந்த இடத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதையும் நிஜமாக எண்ணிப் போடுங்கள். "திரளான பொதுமக்கள் கண்டுகளித்தனர்" என்பது எண்ணிக்கை ஆகாது. அப்போதுதான் எந்தப் பூங்காவில் கூட்டம் கூடுகிறது, எங்கே மேடை போட்டது வீண் என்பதாவது அடுத்த வருடத்துக்குத் தெரியும்.

இதெல்லாம் நடக்க விழா அடுத்த வருடமும் இருக்க வேண்டும் அல்லவா? அதற்கே உத்தரவாதம் இல்லை. சென்னை சங்கமம் 2007-ல் தொடங்கியது. 2011-ல் ஆட்சி மாறியது, விழா நின்றது. 2021-ல் மறுபடி ஆட்சி மாறியது, 2023 பொங்கலுக்கு விழா திரும்பி வந்தது. நடுவில் பத்து வருடத்துக்கு மேல். முதல் விழாவில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த பிள்ளை, திரும்பி வந்தபோது வேலைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கும். ஆட்டக்காரர் என்ன செய்திருப்பார்? சிலர் கட்டட வேலைக்குப் போயிருப்பார்கள், சிலர் காலைத் தூக்கி ஆட முடியாத வயதுக்கு வந்திருப்பார்கள். அவர்கள் எந்தக் கட்சி? விழாவை நிறுத்தியவர்களுக்கும் இது தெரியவில்லை, தங்கள் ஆட்சியின் சாதனை என்று பேனர் அடிப்பவர்களுக்கும் தெரியவில்லை.

ஆகவே கோட்டையில் இப்போது இருப்பவர்களுக்கும் நாளைக்கு வரப்போகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். விழாவுக்குப் பேரை மாற்றிக்கொள்ளுங்கள், யார் படத்தை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளுங்கள், உங்கள் ரிப்பனை நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள். ஆடுகிறவர் சம்பளத்திலும் அவர் ஆடும் நேரத்திலும் மட்டும் கை வைக்காதீர்கள். வாழ்த்துரை வழங்கியே ஆக வேண்டும் என்றால், ஆட்டமெல்லாம் முடிந்த பிறகு வழங்குங்கள். எத்தனை பேர் இருந்து கேட்கிறார்கள் என்று பார்ப்போம்.