புளியங்கொட்டைப் பசையும் ஜாமினி ராயின் கண்களும்

போன மாதம் மகள் ஓவிய வகுப்பிலிருந்து ஒரு படத்தோடு வந்தாள். 8 வயது. டெல்லி மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே சனிக்கிழமைதோறும் நடக்கிற வகுப்பு. மூன்று பெண்கள், மீனைப் போல நீண்ட கண்கள், தடித்த கருப்புக் கோடு, காவிப் பின்னணி. கீழே 'ஜாமினி ராய் பாணி' என்று எழுதியிருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது; கூடத்துச் சுவரில் ஒட்டினேன். மறுநாள் அவளுடைய தோழியின் வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே மூன்று பெண்கள், அதே காவி. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பார்த்தேன். 14 பிள்ளைகள், 14 படங்கள். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று பெற்றவர்களுக்கே தெரியாது.

மகளிடம் கேட்டேன். கோடுகள் அச்சடித்த தாளைக் கொடுத்தார்களாம். எந்த இடத்துக்கு எந்த வண்ணம் என்று பலகையில் எழுதிப் போட்டார்களாம். கடைசியில் கருப்பு ஸ்கெட்ச் பேனாவால் கோட்டின் மேலேயே ஓட்ட வேண்டும். "ஜாமினி ராய் யார்?" என்றேன். "கண்ணைப் பெரிதாக வரைகிறவர்" என்றாள்.

அந்தப் பதில் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

பார்த்து வரைவதே தவறு என்று நான் சொல்லவில்லை. "குழந்தையை அதன் போக்கில் விடு, கற்பனை கெட்டுப்போகும்" என்கிற நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சரளி வரிசை பாடாமல் யார் ஆலாபனைக்குப் போனார்கள்? நான் கோலம் கற்றதே அம்மாவின் பழைய நோட்டைப் பார்த்துத்தான். ஆனால் அம்மா, போட்டு முடித்த கோலத்தைக் காட்டி அதன் மேலேயே இழுக்கச் சொல்லவில்லை. முதலில் புள்ளி வைக்கச் சொன்னார். நேர்ப்புள்ளியா, ஊடுபுள்ளியா என்று கேட்டார். கோடு எங்கே திரும்புகிறது என்று தெரியாமல் நான் திகைத்து நின்றால், "ஒரு புள்ளியைச் சுற்றாமல் விட்டிருக்கிறாய், தேடு" என்பார். ஒரு மார்கழி முடிவதற்குள் நோட்டில் இல்லாத கோலம் ஒன்று என் கையிலிருந்து வந்தது. வான்கோவும் பார்த்து வரைந்தவர்தான். பிரான்சில் சான் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது, தமக்கு முந்திய பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்களைக் கருப்பு வெள்ளை அச்சில் வைத்துக்கொண்டு சுமார் 20 ஓவியங்கள் தீட்டினார். வண்ணம் முழுக்க அவருடையது. அச்சில் இல்லாததை அவரே தேட வேண்டியிருந்தது. எங்கள் வகுப்புத் தாளில் பிள்ளைகள் தேடுவதற்கு எதையுமே மிச்சம் வைக்கவில்லை. என் கோபம் அதில்தான்.

அதுவும் யாருடைய பெயரால்? ஜாமினி ராய் 1887இல் வங்காளத்தின் பாங்குரா மாவட்டத்தில் பேலியாதோட் என்ற ஊரில் பிறந்தவர். 16 வயதில் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் சேர்ந்து ஐரோப்பிய முறையைக் கற்றார். எண்ணெய் வண்ணத்தில் உருவப்படங்கள் வரைந்து பெயரும் வாங்கினார். கையில் நன்றாகப் படிந்துவிட்ட அந்தப் பாணியை, முப்பது வயதைத் தாண்டிய பிறகு உதறினார். கல்கத்தாவின் காளிகாட் கோயிலைச் சுற்றிப் பட்டுவாக்கள் என்ற நாட்டுப்புற ஓவியர்கள் யாத்ரிகர்களுக்கு வரைந்து விற்ற படங்களையும், தம் ஊர்ப்பக்கத்துப் பொம்மைகளையும் திரும்பிப் பார்த்தார். கடை வண்ணங்களை விட்டுவிட்டு விளக்குப் புகைக்கரி, சுண்ணக்கட்டி, அவுரி நீலம், மண் என்று எடுத்துக்கொண்டார். பசைக்குப் புளியங்கொட்டை. ஊட்டிவிட்ட பாணியை உதறியவரின் பெயரால் ஒரு பாணியை ஊட்டுகிறோம்.

இதைக் குழுவில் எழுதியபோது ஒரு தந்தை சரியான கேள்வி கேட்டார். ஜாமினி ராயே ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தவர் அல்லவா? ஆமாம். வீட்டையே பட்டறையாக்கி, மகனையும் சேர்த்துக்கொண்டு வரைந்தார். சாதாரண மக்கள் வாங்குகிற விலைக்கு விற்க விரும்பினார். ஆனால் அந்தப் பட்டறையில் ஒவ்வொரு கோட்டையும் ஒரு கை இழுத்தது. அச்சுக்கோட்டின் மேல் ஊர்கிற பேனாவுக்குக் கையே வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளையும் அம்மாவையும் இந்தியா கேட் பக்கத்திலுள்ள ஜெய்ப்பூர் ஹவுஸுக்கு அழைத்துப் போனேன். ஒரு காலத்தில் ஜெய்ப்பூர் மகாராஜாவின் டெல்லி மாளிகை. 1954 முதல் தேசிய நவீன ஓவியக் கூடம். டெல்லியில் இருந்துகொண்டு பிள்ளைகளை இங்கே ஒரு தடவையாவது கூட்டிப்போகாமல் இருப்பது பெரிய இழப்பு. ஜாமினி ராய் படத்தின் முன்னால் மகள் மூக்கு ஒட்டிவிடும் போல நின்றாள். காவலர் இரண்டு முறை பின்னால் போகச் சொன்னார். "அம்மா, கோடு ஒரே மாதிரி இல்லை. இங்கே ஒல்லி, இங்கே குண்டு" என்றாள். வகுப்பில் ஆறு வாரம் கிடைக்காதது அந்த ஒரு பார்வையில் கிடைத்தது. அம்மா பெயர்ப்பலகையைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "புளியங்கொட்டைப் பசையா? அதை நானே காய்ச்சித் தருவேனே" என்றார்.

காய்ச்சினார். கொட்டையை வறுத்துத் தோலை நீக்கி, இரவு முழுக்க ஊறவைத்து, அரைத்துக் கொதிக்கவிட்டார். கண்மை எடுப்பது போலவே விளக்கெண்ணெய் அகலின் மேல் பித்தளைத் தட்டைக் கவிழ்த்துக் கரி பிடித்தார். கோலத்துக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த காவிக்கட்டியை மகள் குழைத்தாள். முதல் நாள் பசை மிஞ்சிப்போய்த் தாள் சுருண்டது. இரண்டாம் நாள் கரி திரிந்து கட்டி கட்டியாக நின்றது. மூன்றாம் நாள்தான் தூரிகை ஓடியது. அழுத்தினால் தடிக்கிறது, விட்டால் மெலிகிறது என்று கண்டுகொண்டதும் அவள் செய்தித்தாள் முழுக்க வளைவுகளாகவே போட்டுத் தள்ளினாள்.

பிறகு பாட்டியை வரைய உட்கார்ந்தாள். முகம் வந்துவிட்டது, கொண்டை வந்துவிட்டது. கண்ணில் மாட்டிக்கொண்டாள். பாட்டி மூக்குக்கண்ணாடி போடுகிறவர். அந்த நீளக் கண் வட்டக் கண்ணாடிக்குள் அடங்கவில்லை. ஜாமினி ராய் இதற்கு என்ன செய்வார் என்று என்னைக் கேட்டாள். தெரியவில்லை என்றேன். வெகுநேரம் தூரிகையைத் தூக்கிப் பிடித்தபடியே பாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரி ஒரு சொட்டு சேலையில் விழுந்தது. பிறகு கண்ணாடியையே மீன் வடிவத்தில் நீட்டி வரைந்துவிட்டு, அதற்குள் இரண்டு சின்னப் புள்ளிகள் வைத்தாள்.