நாலாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொற்கை புரியும்

தூத்துக்குடியில் நான் பாடம் நடத்தும் நாலாம் வகுப்புப் பிள்ளைகளைப் பழைய துறைமுகமான கொற்கைக்குக் கூட்டிப் போகவிருந்தது ரத்தான விஷயம் இந்நேரம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ரத்தானதுகூடப் பரவாயில்லை. சொன்ன காரணத்தைத்தான் தாங்க முடியவில்லை: "நாலாம் வகுப்புக்கு எதுக்குச் சரித்திரம்? பெரிய கிளாஸ் போனா படிச்சுக்கட்டும்."

பெரிய வகுப்பில் எங்கே படிக்கிறார்கள்? பொதுத்தேர்வு நெருங்கும்போது தூத்துக்குடிக்கு யார் பீரியட் ஒதுக்குவார்கள்? ஊர் வரலாறு சொல்லித்தர ஏற்ற வயதே எட்டும் ஒன்பதும்தான். எதைப் பார்த்தாலும் "இது ஏன் இங்கே இருக்கு?" என்று கேட்கிற வயது.

கொற்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். முத்துக்காகச் சங்கப் பாடல்கள் கொண்டாடிய பாண்டியர் துறைமுகம். இன்று அங்கே போய் நின்றால் கடலே கண்ணில் படாது. தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டலால் கடல் சில கிலோமீட்டர் விலகிவிட்டது. இதைச் சொன்னதும் ஒரு பையன் கேட்டான், "அப்போ நம்ம ஹார்பரும் ஒருநாள் இப்படி ஆயிருமா டீச்சர்?" புரியாத பிள்ளை கேட்கிற கேள்வியா இது?

தேதியும் பெயரும் திணித்துப் பாரம் ஏற்றுகிறேன் என்கிறார்கள். நான் தேதி கேட்பதே இல்லை. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார், ஒரு பங்கு 25 ரூபாய் என்று சொல்லிவிட்டு, "கொழும்புக்கு நம்ம கப்பலும் போனா வெள்ளைக்காரக் கம்பெனி என்ன செய்யும்?" என்று கேட்டேன். "டிக்கெட்டைக் குறைப்பாங்க" என்றாள் ஒரு சிறுமி. அதுதானே நடந்தது!

பஸ், பாதுகாப்பு என்று கவலைப்படுபவர்களைக் குறை சொல்லவில்லை. அது நியாயம். ஆனால் 1908இல் நம் ஊர் கோரல் நூல் மில்லில் நடந்த வேலைநிறுத்தத்தைச் சொன்னதற்கு "பிள்ளைகளிடம் அரசியல் பேசுகிறார்" என்று புகார் போனதே, அதை எப்படி எடுத்துக்கொள்வது?

என் தாத்தா அந்த மில்லில் வேலை பார்த்தவர். மில் சங்கு ஊதினால்தான் எங்கள் வீட்டில் உலை வைப்பார்கள். பள்ளியில் நான் பாபர் முதல் ஔரங்கசீப் வரை வரிசையாக ஒப்பித்துப் பரிசு வாங்கியிருக்கிறேன். கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு அதே மில்லில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள், கடைசியில் ஜெயித்தார்கள் என்பது கல்லூரி முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் தாத்தா போய்விட்டார். பழைய ஆட்கள் அந்த நாட்களைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. என் வகுப்பிலும் மில், உப்பளம், துறைமுகம் என்று வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தாத்தாவும் ஆச்சியும் இருக்கும்போதே அவர்கள் போய்க் கேட்கட்டும் என்றுதான் இப்போதே சொல்கிறேன். இது அரசியல் என்றால், இருந்துவிட்டுப் போகட்டும்.

"சின்ன கிளாஸ் டீச்சர், சும்மா கதை சொல்லிக்கிட்டு இருக்காங்க" என்ற பேச்சும் காதுக்கு வந்தது. வலிக்கிறது. ஆண்டு விழாவில் பிள்ளைக்கு வ.உ.சி. வேஷம் போட்டு மேடையேற்ற நாங்கள் வேண்டும். "செக்கிழுத்தார்" என்று ஒரு வரி சொல்லிக்கொடுக்கவும் வேண்டும். ஏன் இழுத்தார் என்று அந்தப் பிள்ளை கேட்டால் மட்டும் நாங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?

ஊர் வரலாறு சொல்லித்தர வாரத்துக்கு இரண்டு பீரியட்தான் கேட்டேன். அதைப் பிடுங்கிக் கணக்கு டெஸ்ட் வைக்கப் போகிறீர்கள் என்றால், காரணத்தை எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னதற்காக நான் நிறுத்தப் போவதில்லை.