கேப்பல் கெலினை மூழ்கடித்த சட்டம்

வடக்கு வேல்ஸில் மழை பொய்க்கும் வருடங்களில் லின் கெலின் நீர்த்தேக்கம் வற்றி, அடியில் கிடக்கும் பழைய சுவர்கள் தலைகாட்டும். உடனே படங்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். ‘நீருக்கடியில் மர்ம கிராமம்’ என்று தலைப்பு வேறு. இதில் என்னங்க மர்மம்? யார் மூழ்கடித்தார்கள், எந்தச் சட்டத்தை வைத்து என்பதெல்லாம் பதிவில் இருக்கிறது.

பாலா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், ட்ரவெரின் பள்ளத்தாக்கில் இருந்த ஊர் கேப்பல் கெலின். ஒரு சிற்றாலயம், பள்ளிக்கூடம், தபால் நிலையம், சுற்றிலும் பண்ணைகள். வீட்டிலும் பள்ளியிலும் வழிபாட்டிலும் வெல்ஷ் மொழிதான். பெரிய ஊராக என்றைக்கும் இருந்ததில்லை. ஆனால் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கூடி வழிபட்ட ஹாவோட் வாடோக் பண்ணை இந்தப் பள்ளத்தாக்கில்தான் இருந்தது. அடக்குமுறை தாங்காமல் இந்த வட்டாரத்துக் குவேக்கர்கள் பலர் 17ஆம் நூற்றாண்டிலேயே பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறினார்கள்.

1950களில் இங்கிலாந்தில் இருக்கும் லிவர்பூல் நகரத்தின் மாநகராட்சிக்கு வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் தண்ணீர் வேண்டியிருந்தது. கண்ணில் பட்டது இந்தப் பள்ளத்தாக்கு. வழக்கமான வழியில் போனால் வேல்ஸின் உள்ளாட்சிகளிடம் திட்ட அனுமதி வாங்க வேண்டும். அதைத் தவிர்க்க, இந்தத் திட்டத்துக்கென்றே ஒரு தனி மசோதாவை நேராக லண்டன் நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். வேல்ஸ் எம்.பி.க்கள் ஏறத்தாழ ஒட்டுமொத்தமாக எதிர்த்தும் 1957இல் அது சட்டமாகிவிட்டது. முந்தைய வருடமே ஊர்க்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு லிவர்பூல் தெருக்களில் ஊர்வலம் போய்ப் பார்த்தார்கள். பலனில்லை.

பள்ளத்தாக்கில் வாழ்ந்த 67 பேரில் 48 பேருக்கு வீடு போனது. ‘இத்தனை பேருக்காக ஒரு பெருநகரம் தண்ணீர் இல்லாமல் கிடக்கணுமா?’ என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். கேள்வியே கோணல். தலையை எண்ணித்தான் முடிவெடுப்பது என்றால் எந்தக் கிராமமும் எந்த நகரத்திடமும் ஜெயிக்காது. நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும், சரி. அந்த மண்ணின் பிரதிநிதிகள் மொத்தமாக வேண்டாம் என்ற பிறகும் திட்டம் நிற்கவில்லையே, என் ஆத்திரம் அங்கேதான். அணை கட்டியதைவிட அந்தக் குறுக்குவழிதான் பெரிய அநியாயம் என்பேன்.

கல்லறைத் தோட்டத்தில் சில உடல்களைத் தோண்டி வேறிடம் கொண்டுபோனார்கள். மற்றவற்றின் மேல் கான்கிரீட். 1965 அக்டோபரில் திறப்பு விழா. போராட்டக்காரர்கள் மைக் வயரை அறுத்துவிட, சில நிமிடங்களிலேயே விழாவை முடித்துக்கொண்டார்கள். நல்ல வேலை! மறு வருடமே கார்மார்தன் இடைத்தேர்தலில் ஜெயித்து, வெல்ஷ் தேசியக் கட்சியான ப்ளைட் கம்ரியின் முதல் எம்.பி. ஆனார் க்வின்வோர் எவன்ஸ். ட்ரவெரின் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தக் கோபத்துக்கும் அதில் பங்கு உண்டு.

லிவர்பூல் மாநகராட்சி மன்னிப்புக் கேட்டது 2005இல். ஊரைக் காலி செய்தபோது நடுவயதில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு அது காதில் விழுந்திருக்கும்? அபெரிஸ்ட்வித் பக்கம் சாலையோர இடிசுவர் ஒன்றில் ‘ட்ரவெரினை மறவாதீர்’ என்று வெல்ஷில் எழுதியிருக்கும். 2019இல் யாரோ அதைச் சிதைத்தார்கள். சில வாரங்களுக்குள் அதே வாசகம் வேல்ஸ் முழுக்கச் சுவர் சுவராக முளைத்துவிட்டது. எழுதியவர்களில் பலர் அணை திறந்தபோது பிறந்தே இருக்காத இளைஞர்கள்.