மருந்து தயார், கொண்டுபோய்ச் சேர்க்கும் வழிதான் பாக்கி

2025 மே மாதம் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து வந்த செய்தியை நண்பர்கள் பலர் பகிர்ந்திருந்தீர்கள். பிறந்த சில நாட்களிலேயே ஒரு குழந்தைக்கு சி.பி.எஸ்.1 என்ற நொதி வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. புரதம் செரிக்கும்போது வரும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றி வெளியேற்ற அந்தக் கல்லீரலால் முடியவில்லை. அம்மோனியா ரத்தத்தில் ஏறினால் மூளை கெடும், உயிரே போகும். அந்தக் குழந்தையின் மரபணுவில் இருந்த ஓர் எழுத்துப் பிழையைத் திருத்துவதற்கென்றே ஆறு மாதத்தில் ஒரு மருந்து செய்தார்கள். கிரண் முசுனூரு, ரெபெக்கா ஆரன்ஸ்-நிக்லஸ் என்ற இரு மருத்துவர்கள் தலைமை தாங்கினார்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மூன்று தவணையாக மருந்து ஏறியது. குழந்தையால் முன்பைவிட அதிகப் புரதம் சாப்பிட முடிந்தது, அம்மோனியாவைக் குறைக்க வழக்கமாகக் கொடுத்துவந்த மருந்தின் அளவையும் குறைக்க முடிந்தது. முழுக்கக் குணமாகிவிட்டது என்று மருத்துவர்களே சொல்லவில்லை. ஆனாலும் ஒரே ஒரு நோயாளிக்காக மரபணுத் திருத்த மருந்து செய்தது உலகத்தில் அதுதான் முதல் முறை.

எல்லோரும் மரபணுவைத் திருத்தும் கருவியான கிரிஸ்பரைப் பற்றி எழுதினார்கள். எழுத வேண்டியதுதான். நான் வேதியியல் படித்தவன் என்பதால் என் கண் வேறொன்றின் மீது போனது. அந்தத் திருத்தியைக் கல்லீரல் செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது எது? ஒரு கொழுப்புத் துளி. ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள கொழுப்பு நானோ துகள். மரபணு மருத்துவத்தின் அடுத்த இருபது வருடத்தை இந்தத் துகள்தான் தீர்மானிக்கப் போகிறது என்று நினைக்கிறேன். நாம் காசும் கவனமும் வைக்க வேண்டிய இடமும் இதுதான்.

இது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவ்வளவு அழகான வேதியியல் இது. திருத்தியைச் செய்வதற்கான குறிப்பு ஆர்.என்.ஏ. வடிவில்தான் போகிறது. ஆர்.என்.ஏ. நீளமானது, எதிர்மின் ஏற்றம் கொண்டது. ரத்தத்தில் அப்படியே விட்டால் நொதிகள் நறுக்கிவிடும், செல்லின் சவ்வும் உள்ளே விடாது. அதைப் பொதிய நேர்மின் ஏற்றமுள்ள கொழுப்பு வேண்டும். ஆனால் நிரந்தரமாக நேர்மின் ஏற்றத்தோடு திரியும் கொழுப்பு உடம்புக்கு நஞ்சு. கனடாவின் வான்கூவரில் ஆய்வாளர் பீட்டர் கல்லிஸும் அவருடைய சகாக்களும் பல வருடம் உழைத்து வளர்த்தெடுத்த தீர்வு, சூழலுக்கேற்ப ஏற்றம் மாறும் கொழுப்பு. தயாரிக்கும்போது அமிலக் கரைசலில் அது நேர்மின் ஏற்றம் பெற்று ஆர்.என்.ஏ.வைக் கட்டிப் பிடிக்கிறது. ரத்தத்தில் நடுநிலைக்கு வந்து சாதுவாகிவிடுகிறது. செல் அதை விழுங்கி ஒரு சிறு பைக்குள் வைத்ததும் அந்தப் பை அமிலமாகும். அப்போது ஏற்றம் திரும்ப வருகிறது, பையின் சவ்வு குலைகிறது, ஆர்.என்.ஏ. வெளியே வருகிறது. இத்துடன் கொலஸ்ட்ரால், ஒரு பாஸ்போலிப்பிட், பாலிஎத்திலீன் கிளைக்கால் ஒட்டிய இன்னொரு கொழுப்பு என்று மொத்தம் நான்கு சரக்கு. அவ்வளவுதான்.

2018-ல் அங்கீகாரம் பெற்ற பட்டிசிரான் என்ற நரம்பு நோய் மருந்து இந்த வழியில் வந்ததுதான். ஃபைசர், மாடர்னா கோவிட் தடுப்பூசிகளும் இப்படித்தான் உடம்புக்குள் போயின. 2023-ல் கரிகோவுக்கும் வைஸ்மேனுக்கும் எம்.ஆர்.என்.ஏ. ஆய்வுக்காக நோபல் கிடைத்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி. அதே நேரத்தில் கொழுப்பு வேதியியலில் தலைமுறைக் கணக்கில் உழைத்தவர்களின் பெயர் பொதுமக்களுக்குத் தெரியாமலே போனது வருத்தம்தான்.

ஃபிலடெல்ஃபியா குழந்தைக்கு மூன்று தடவை மருந்து கொடுக்க முடிந்ததற்கும் இந்தத் துகளே காரணம். வைரஸின் கூட்டில் வைத்து மரபணுவை அனுப்பினால், நோய் எதிர்ப்பு மண்டலம் அந்தக் கூட்டை நினைவில் வைத்துக்கொள்ளும். இரண்டாம் முறை அதே வழியில் அனுப்புவது பெரும்பாலும் நடக்காது. கொழுப்புத் துகளில் அந்தத் தடை இல்லை. சிறிய அளவில் தொடங்கி, குழந்தை தாங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கூட்ட முடிந்தது.

சரி, அப்படியானால் எல்லா மரபணு நோய்க்கும் இதையே செய்யலாமே? இங்கேதான் சிக்கல். இந்தத் துகளுக்குத் தெரிந்த ஊர் கல்லீரல் ஒன்றுதான். ரத்தத்தில் இறங்கியதும் அபோ-ஈ என்ற புரதம் அதன் மேல் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் புரதத்தைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் கல்லீரலில் ஏராளம். வேறு உறுப்புக்கு அனுப்பினாலும் பெரும்பகுதி அங்கேதான் போய் இறங்குகிறது.

இதன் விலை என்ன என்று பார்க்க அரிவாள் செல் ரத்தசோகையைப் பாருங்கள். ஹீமோகுளோபின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் ஹீமோகுளோபின் கம்பிபோல் கோத்துக்கொண்டு சிவப்பணுவை வளைக்கும். வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைக்கும். தாங்க முடியாத வலி வரும். இந்தியாவில் இந்த நோயை முதன்முதலில் பதிவு செய்தது நம் நீலகிரியில்தான், 1952-ல், பழங்குடி மக்களிடையே. கூடலூரில் அஷ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை பல காலமாக இந்த நோயாளிகளைக் கவனித்து வருகிறது.

இதற்கும் கிரிஸ்பர் மருந்து வந்துவிட்டது. காஸ்ஜெவி. 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்குக் குறைந்தது ஒரு வருடம் தொடர்ந்து கடுமையான வலி நெருக்கடி வரவில்லை. அமெரிக்காவில் அப்போது அறிவித்த விலை 22 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 18 கோடி ரூபாய். விலைக்கு நிறுவனத்தின் லாபக் கணக்கை மட்டும் காரணம் சொன்னால் பாதி உண்மைதான். மருந்தை எலும்பு மஜ்ஜைக்கு நேராக அனுப்ப வழியில்லாததால், ரத்தம் உருவாக்கும் தண்டு செல்களை நோயாளியிடமிருந்து வெளியே எடுக்க வேண்டும், ஆய்வகத்தில் திருத்த வேண்டும், கடும் கீமோ கொடுத்து மஜ்ஜையைக் காலி செய்ய வேண்டும், பிறகு செல்களைத் திரும்ப ஏற்ற வேண்டும். வாரக்கணக்கில் மருத்துவமனை வாசம். அந்தக் கீமோவால் குழந்தை பெறும் வாய்ப்பே போகலாம். இருபது வயதுப் பெண்ணிடம் இதைச் சொல்லிச் சம்மதம் வாங்குவதை நினைத்துப் பாருங்கள்.

வேலூர் சி.எம்.சி.யில், ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா நோய்க்குச் செய்து, 2024 டிசம்பரில் வெளியான மரபணு சிகிச்சை ஆய்வு எனக்குப் பெரிய பெருமை. ஐந்து பேருக்குச் செய்தார்கள், ஒருவருக்கும் சிகிச்சைக்குப் பிறகான கண்காணிப்புக் காலத்தில் ரத்தக்கசிவு வரவில்லை. அதுவும் செல்களை வெளியே எடுத்து, கீமோ கொடுத்து, திரும்ப ஏற்றும் முறைதான். திறமை நம்மிடம் இருக்கிறது. ஆனால் இந்த முறையைத் தாலுகா மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாது.

2023-ல் பென்சில்வேனியா ஆய்வாளர்கள் ஒரு வழி காட்டினார்கள். கொழுப்புத் துகளின் மேல், ரத்தத் தண்டு செல்களை அடையாளம் காணும் ஆன்டிபாடி ஒன்றை ஒட்டி எலிகளுக்கு ஊசியாகக் கொடுத்தார்கள். துகள் மஜ்ஜைக்குப் போய் வேலை செய்தது. அது எலிகளில் நடந்த சோதனை, மனிதருக்கு வழக்கமான சிகிச்சையாக வர நாளாகும். ஆனால் அது வந்தால் 18 கோடியின் கதையே மாறும். செல் எடுக்க வேண்டாம், மஜ்ஜையைக் காலி செய்யும் கீமோ வேண்டாம், ஓர் ஊசியோடு முடியலாம்.

ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். 2025 அக்டோபரில் இதே வகை மருந்து ஒன்றின் சோதனையில் ஒருவருக்குக் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டு, சோதனையை நிறுத்தி வைத்தார்கள். துகள் எங்கே போகிறது, எவ்வளவு போகிறது என்பதைக் கட்டுப்படுத்த இன்னும் அதிக ஆய்வு வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் நாட்டில் திருத்திக்குப் பஞ்சமில்லை. டெல்லியின் மரபணு ஆய்வு நிறுவனமான ஐ.ஜி.ஐ.பி. அரிவாள் செல்லுக்காக உருவாக்கிய பிர்சா 101 கிரிஸ்பர் சிகிச்சையை 2025 நவம்பரில் அறிவித்தார்கள். புனேயின் ஜெனோவா நிறுவனம், மைனஸ் 70 டிகிரி கேட்காமல் சாதாரண மருந்து ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வைக்கக்கூடிய எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியைச் செய்து காட்டியது. ஒரு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேருமா என்பதை முடிவு செய்வது பொருளின் வடிவமைப்புதான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. கொழுப்பு, பாலிமர், துகள் ஆகியவற்றின் மீதான நம் ஆய்வை மருத்துவமனைகளோடு சேர்த்து ஒரே திட்டமாக நடத்த வேண்டும். நம் பல்கலைக்கழகங்களில் வேதியியல் துறை ஒரு கட்டடம், உயிரியல் துறை இன்னொரு கட்டடம், மருத்துவக் கல்லூரி வேறு ஊர் என்று இருக்கிறது. இடையில் கடிதப் போக்குவரத்துகூட இல்லாத இடங்கள் உண்டு.

“மாத்திரையே ஒழுங்காகக் கிடைக்காத ஊருக்கு இதெல்லாம் ஆடம்பரம்” என்று ஒரு நண்பர் சொன்னார். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அரிவாள் செல் நோய்க்குக் கொடுக்கும் ஹைட்ராக்ஸியூரியா விலை குறைந்த மாத்திரை, கருவில் இருக்கும்போது சுரந்த ஹீமோகுளோபினை ஓரளவு திரும்பக் கொண்டுவந்து வலியைக் குறைக்கிறது. 2023-ல் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டம் ஏழு கோடிப் பேருக்குப் பரிசோதனை என்று இலக்கு வைத்தது. பரிசோதனை அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு, மாத்திரைக்கு அடிவாரம்வரை பேருந்து ஏறச் சொன்னால் என்ன பயன்? ஒவ்வொரு மலைக்கிராமத்து சுகாதார நிலையத்திலும் அந்த மாத்திரை எப்போதும் இருக்க வேண்டும், பிறந்த குழந்தைகளுக்குப் பரிசோதனை தவறக் கூடாது. இது இந்த வருடமே செய்யக்கூடியது, இதற்குப் புதிய அறிவியல் எதுவும் வேண்டாம். ஆனால் மாத்திரை வலியைக் குறைக்குமே தவிர, நோயை எடுக்காது. நீலகிரிப் பழங்குடியான பணியர் வீட்டுக் குழந்தைக்கு மாத்திரை போதும், முழுக் குணம் பணக்கார நாட்டுக்கு என்ற பங்கீட்டை என்னால் ஏற்க முடியாது. இரண்டுக்கும் ஒரே பட்ஜெட்டில் இடம் கேட்போம், மாத்திரைக்கு இன்றைக்கு, துகளுக்கு அடுத்த பத்து வருடத்துக்கு.